வாசலருகே ஓர் அறை: ஆர்லாண்டோ பூங்கா விடுதிகளும் அவற்றின் விலையும்

கேளிக்கைப் பூங்காவின் எல்லைக்குள்ளேயே பூங்கா நிறுவனம் நடத்தும் விடுதியில் தங்குவதா, எல்லைக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் அதில் பாதி வாடகைக்குக் கிடைக்கும் விடுதியில் தங்குவதா என்பதை, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள ஆர்லாண்டோவுக்குப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் விமானச் சீட்டு வாங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்ற பெயரில் நான்கு பூங்காக்களைக் கொண்ட டிஸ்னி வளாகத்தில் மட்டும் 25க்கும் மேற்பட்ட விடுதிகள் உள்ளன. சில மைல் வடகிழக்கே யூனிவர்சல் நிறுவனம் 11 விடுதிகளை வைத்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் வெளியே இன்டர்நேஷனல் டிரைவ் என்ற சாலையிலும், கிஸ்ஸிமி நகரை ஒட்டிச் செல்லும் 192ஆம் எண் நெடுஞ்சாலையிலும் விடுதிகள் வரிசைகட்டி நிற்கின்றன. உள்ளே தங்குவதற்கும் வெளியே தங்குவதற்கும் இடையிலான வேறுபாடு ஓர் இரவுக்கு 50 டாலராகவும் இருக்கலாம், 500 டாலராகவும் இருக்கலாம். பல ஆண்டுகள் சேமித்து, பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்காகக் காத்திருந்து ஒருமுறை போய்வரும் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. அந்தக் கூடுதல் பணம் எதை வாங்கித் தருகிறது என்பதை அறிய, விளம்பரத் தாள்களைவிட அந்த நிலத்தின் அமைப்பும் அது அப்படி அமைந்த வரலாறுமே நல்ல வழிகாட்டிகள்.

அந்த வரலாறு தொடங்குவது கலிபோர்னியாவின் அனஹைம் நகரில். அங்கே ஆரஞ்சுத் தோப்புகளாக இருந்த ஏறத்தாழ 160 ஏக்கர் நிலத்தை வாங்கி 1955 ஜூலையில் டிஸ்னிலேண்டைத் திறந்த வால்ட் டிஸ்னிக்கு, பூங்காவைக் கட்டி முடிப்பதற்கே பணம் போதாமல் இருந்ததால், விடுதி கட்டும் வேலையை ஜாக் ராதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளரிடம் விட நேர்ந்தது. அவர் அதே ஆண்டு அக்டோபரில் திறந்த டிஸ்னிலேண்ட் ஹோட்டல், டிஸ்னியின் பெயரைத் தாங்கியிருந்தும், 1988இல்தான் டிஸ்னி நிறுவனத்தின் உடைமையாயிற்று. பூங்காவைச் சுற்றியிருந்த மற்ற நிலங்களில் மோட்டல்கள், அதாவது காரை அறைவாசலிலேயே நிறுத்திக்கொள்ள வசதியுள்ள மலிவான சாலையோர விடுதிகள், நெருக்கமாக எழுந்தன. தாம் உருவாக்கிய பூங்காவைத் தேடி வந்த கூட்டத்தின் பணம் அண்டை நிலத்துக்காரர்களிடம் போவதையும், விளம்பரப் பலகைகள் பூங்காவின் மதிலை நெருங்கி வருவதையும் டிஸ்னி ஆற்றாமையோடு பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் அவருக்கு இழப்பாக முடிந்த அந்த நெருக்கம் பயணிகளுக்கு இன்றுவரை நன்மையாக இருந்துவருகிறது. ஹார்பர் பொலிவார்டு சாலையில் இன்றுள்ள விடுதிகளில் சில, டிஸ்னியின் சொந்த விடுதிகள் சிலவற்றைவிடப் பூங்கா வாயிலுக்கு அருகில் இருக்கின்றன. சாலையைக் கடந்து சில நிமிடம் நடந்தால் போதும். டிஸ்னி அங்கே பின்னர் கட்டிய இரண்டாவது பூங்காவுக்குள் தனி வாயில் கொண்ட கிராண்ட் கலிபோர்னியன் விடுதியை விதிவிலக்காகக் கொண்டால், அனஹைமில் உள்விடுதிக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்கு விருப்பம் காரணமாகலாமே அன்றித் தூரம் காரணமாகாது.

புளோரிடாவில் அந்தத் தூரம் திட்டமிட்டே உண்டாக்கப்பட்டது. 1964, 1965 ஆண்டுகளில், வெவ்வேறு பெயர்களில் பதிவுசெய்யப்பட்ட நிறுவனங்களின் வழியாக, வாங்குபவர் யாரென்று வெளியே தெரியாதபடி, ஏறத்தாழ 27,000 ஏக்கர் சதுப்பும் காடும் மேய்ச்சல் நிலமும் டிஸ்னிக்காக வாங்கப்பட்டன. சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் பரப்புக்கு ஏறத்தாழ ஈடான அந்த நிலத்தில், அண்டை வீட்டார் என்று சொல்ல எவரும் பூங்காவுக்கு அருகில் வரமுடியாது. வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் காலமானபின் அவருடைய அண்ணன் ராய் டிஸ்னி வேலையை ஏற்று நடத்தி, 1971 அக்டோபர் 1ஆம் நாள் மேஜிக் கிங்டம் என்ற முதல் பூங்காவைத் திறந்தார். அப்பூங்கா நிலத்தின் வடகோடியில், நெடுஞ்சாலையிலிருந்து மிக விலகி வைக்கப்பட்டது. அதன் முன்னே செவன் சீஸ் லகூன் என்ற செயற்கை ஏரி வெட்டப்பட்டது. ஏரியிலிருந்து எடுத்த மண், பூங்காவின் தரைமட்டத்தை உயர்த்தப் பயன்பட்டது. பணியாளர்கள் நடமாடும் சுரங்க வழிகள் உண்மையில் இயல்பான நிலமட்டத்தில் இருக்க, பார்வையாளர்கள் நடக்கும் தெருக்கள் அவற்றின்மேல் அமைந்த இரண்டாம் தளமே என்பது அங்கே நடப்பவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

இந்த அமைப்பின் விளைவை வெளியே தங்கும் பயணி ஒவ்வொரு நாளும் உணர்கிறார். அவர் காரை நிறுத்துமிடம் பூங்காவுக்குப் பக்கத்தில் இல்லை, ஏரியின் மறுகரையில் இருக்கிறது. அங்கிருந்து போக்குவரத்து மையத்தை அடைந்து, பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, மோனோரயில் எனப்படும் ஒற்றைத் தண்டவாள ரயிலிலோ படகிலோ ஏரியைக் கடந்த பிறகே மேஜிக் கிங்டத்தின் வாயிலைப் பார்க்க முடியும். வாடகைக் காரில் வருபவரையும் ஓட்டுநர் பெரும்பாலும் இதே மறுகரையில்தான் இறக்கிவிடுகிறார். டிஸ்னி விடுதிகளிலிருந்து புறப்படும் பேருந்துகளோ நேரே பூங்கா வாயிலுக்கே வந்து நிற்கின்றன. ஏரியைக் கடக்க வேண்டிய இந்த இடர் மேஜிக் கிங்டத்துக்கு மட்டுமே உரியது; எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் ஆகிய மற்ற மூன்று பூங்காக்களில் வாகனம் நிறுத்துமிடம் வாயிலின் முன்னேயே இருப்பதால், சொந்தக் காரில் வருபவர் சில வேளைகளில் விடுதிப் பேருந்துக்குக் காத்திருப்பவரைவிட முன்னதாகவே உள்ளே போய்விடுகிறார்.

பூங்காவோடு சேர்த்தே 1971இல் திறக்கப்பட்ட கன்டெம்பரரி, பாலினீசியன் என்ற இரு விடுதிகளும் இந்த ஏரியை ஒட்டிய பகுதியிலேயே நிற்கின்றன. கன்டெம்பரரி விடுதியின் சாய்ந்த இரும்புச் சட்டகத்துக்குள், வேறோர் இடத்தில் தச்சு முடித்த அறைகளை மேசையில் இழுப்பறைகளைச் செருகுவதுபோல் பாரந்தூக்கிகளால் செருகிக் கட்டினார்கள். கட்டடத்தின் நடுக்கூடத்தை மோனோரயில் ஊடுருவிச் செல்கிறது. ஏரிக்கரைப் பாலினீசியனில் 1974 டிசம்பர் 29ஆம் நாள் ஜான் லெனன் பீட்டில்ஸ் குழுவைச் சட்டப்படி கலைக்கும் ஆவணத்தில் கையெழுத்திட்டார் என்பது விடுதியின் பயனோடு தொடர்பில்லாத செய்தியாயினும், பூங்காவுக்குள் தங்குவது அமெரிக்கக் குடும்ப வாழ்க்கையில் அவ்வளவு விரைவாக இடம்பெற்றுவிட்டது என்பதைக் காட்டுகிறது. லெனன் அங்கே வந்திருந்ததும் தம் மகனுடன் விடுமுறை கழிப்பதற்காகத்தான். 1988இல் கிராண்ட் புளோரிடியன் சேர்ந்தபின், மோனோரயில் நிற்கும் இம்மூன்று விடுதிகளுமே வளாகத்தில் மிக அதிக விலையுள்ள வரிசையில் இருந்துவருகின்றன. கன்டெம்பரரியிலிருந்து பூங்கா வாயிலுக்கு நடந்தே பத்து நிமிடத்தில் போய்விடலாம்.

அந்தப் பத்து நிமிடத்தின் மதிப்பு, போகிறவர் யார், எந்த மாதம் போகிறார் என்பதைப் பொறுத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நடுப் புளோரிடாவில் வெப்பம் 33 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்பதோடு, காற்றின் ஈரமும் சேர்ந்து உடலை வாட்டுகிறது. பிற்பகலில் இடியும் மின்னலும் வருவது அன்றாட நிகழ்ச்சி என்பதால், திறந்தவெளிச் சவாரிகள் அந்நேரத்தில் நிறுத்தப்படுகின்றன. காலை ஏழு மணிக்கு எழுப்பிய நான்கு வயதுக் குழந்தைக்கும், முழங்கால் வலியோடு கூடவே நடந்துவரும் எழுபது வயதுப் பாட்டிக்கும் அந்தப் பிற்பகல் சவாரி செய்யும் நேரமன்று, படுத்துறங்கும் நேரம். அறை பத்து நிமிடத் தொலைவில் இருந்தால் அவர்கள் உறங்கி, குளித்து, மாலையில் தெளிந்த முகத்தோடு வாணவேடிக்கை பார்க்கத் திரும்புகிறார்கள். அறை 192ஆம் நெடுஞ்சாலையில் இருந்தால், படகு, நிறுத்துமிடம், நெடுஞ்சாலை நெரிசல் என்று போகவர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிவிடும் என்பதால், பெரும்பாலான குடும்பங்கள் திரும்பவே முயல்வதில்லை. குழந்தை தள்ளுவண்டியிலேயே தூங்குகிறது, பாட்டி நிழல் தேடி ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுகிறார், இரவு எட்டு மணிக்கு எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்துவிழுகிறார்கள். உள்விடுதியின் உயர்ந்த வாடகையில் நியாயமான பகுதி என்று ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் இந்தப் பிற்பகல் ஓய்வைத்தான் காட்ட வேண்டும். மற்ற சலுகைகள் எல்லாம் இதற்குக் கீழானவை. அந்த ஓய்வை எடுக்கப் போவதில்லை என்று முடிவுசெய்தவர்கள், விடியலில் போய் நள்ளிரவில் திரும்பும் இளைஞர்கள், அத்தகைய அறைக்குப் பணம் கட்டுவது வீண் செலவே.

மற்ற சலுகைகள் கீழானவை என்பதற்குக் காரணம், அவற்றில் பல கடந்த சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டதும் சுருக்கப்பட்டதும் ஆகும். 2005 முதல் விமான நிலையத்திலிருந்து விடுதிவரை கட்டணமில்லாமல் ஓடிய பேருந்துச் சேவை 2022 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. ஃபாஸ்ட்பாஸ் என்ற பெயரில், வரிசையில் நிற்காமல் குறித்த நேரத்தில் சவாரிக்குள் நுழையும் உரிமை 2020 வரை எல்லோருக்கும் இலவசமாக இருந்தது. அதை உள்ளே தங்குவோர் 60 நாள்களுக்கு முன்பும் மற்றவர்கள் 30 நாள்களுக்கு முன்பும் பதிந்துகொள்ள முடிந்தது. இப்போது அதற்கு ஈடான லைட்னிங் லேன் விலைக்கு விற்கப்படுகிறது; உள்ளே தங்குவோர் ஏழு நாள்களுக்கு முன்பும் வெளியே தங்குவோர் மூன்று நாள்களுக்கு முன்பும் அதை வாங்கலாம். முன்பு பொருளாகவே தரப்பட்ட சலுகை இன்று அப்பொருளை முந்திக்கொண்டு விலைக்கு வாங்கும் உரிமையாகச் சுருங்கிவிட்டது. அறை வாடகை அதற்கேற்பக் குறையவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். விடுதியில் காரை நிறுத்துவதற்கு 2018இல் விதித்த கட்டணத்தை 2023இல் நீக்கியதும், தங்க வரும் முதல் நாளில் நீர்ப் பூங்காவுக்கு இலவச நுழைவை 2025இல் சேர்த்ததும் நிறுவனம் எதிர்த்திசையில் எடுத்த சில அடிகள்.

எஞ்சியிருக்கும் பெரிய சலுகை, பூங்கா திறக்கும் நேரத்துக்கு அரைமணி முன்னதாக உள்ளே விடுவது. இது எல்லா நாளும், நான்கு பூங்காக்களிலும், மிக மலிவான அறையில் தங்குபவருக்கும் உண்டு. அந்த அரைமணியில், பகலில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிற்க வேண்டிய சவாரி ஒன்றையாவது எளிதில் முடித்துவிடலாம். ஆனால் 25 விடுதிகளின் மக்களும் அதே எண்ணத்தோடு வருவதால், அரைமணிக்கும் முன்னதாகவே வாயிலில் நிற்க ஆயத்தமாக இருப்பவருக்குத்தான் அது பயன்படும். காலை எட்டுக்குமுன் கிளம்ப முடியாத குடும்பத்துக்கு இச்சலுகை தாளில் மட்டுமே இருக்கும்.

டிஸ்னி தன் விடுதிகளை முக்கியமாக வேல்யூ, மாடரேட், டீலக்ஸ் என்று மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. முதல் வகை மலிவானது, இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது ஆடம்பரம். மூன்றையும் ஒரே தட்டில் வைத்து வெளிவிடுதியோடு ஒப்பிடுவது தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும். கணக்குக்காக, வேல்யூ அறை ஒன்றின் வாடகை 180 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஆர்லாண்டோ அடங்கிய ஆரஞ்சு கவுண்டியின் 12.5 சதவீத வரியோடு அது 202 டாலரைத் தாண்டும். வெளியே 110 டாலருக்கு அறை எடுத்தவர், பல ஆர்லாண்டோ விடுதிகள் ரிசார்ட் ஃபீ என்ற பெயரில் வாடகைக்குமேல் கட்டாயமாக வாங்கும் தினக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது 30 டாலர் என்றால், வரியோடு 157 டாலரைத் தாண்டும். பூங்காவில் காரை நிறுத்த நாளொன்றுக்கு 30 டாலர் என்று கொள்வோம், உள்ளே தங்குவோருக்கு அதுவும் இல்லை. வெளிவிடுதியிலும் நிறுத்தக் கட்டணம் வாங்கினால் இரு தரப்பும் ஏறத்தாழச் சமமாகிவிடும். ரிசார்ட் ஃபீ இல்லாமல், நிறுத்தக் கட்டணம் இல்லாமல், காலை உணவும் தரும் எளிய விடுதியைத் தேடிப் பிடிப்பவர்க்கே வெளியே தங்குவதால் உண்மையான மிச்சம் கிடைக்கும். டீலக்ஸ் வகையில் கணக்கு முற்றிலும் வேறு: இரவுக்கு ஏறத்தாழ 500 டாலரில் தொடங்கி, விழாக் காலத்தில் 1,000 டாலரையும் தாண்டும் அறைகளில் ஐந்து இரவு தங்கும் குடும்பம், வெளியே தங்கியிருந்தால் மிஞ்சும் பணத்தில் இன்னொரு பயணத்தையே திட்டமிட்டிருக்கலாம்.

ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்ற இடம் இந்த இரு முனைகளுக்கும் இடையில் இருக்கிறது, அதை 2019 செப்டம்பரில் திறந்த ஸ்கைலைனர் என்ற கம்பிவட ஊர்திப் பாதை உருவாக்கித் தந்திருக்கிறது. கம்பியில் தொங்கிச் செல்லும் அந்தச் சிறு பெட்டிகள், வேல்யூ வகையைச் சேர்ந்த பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஆகிய இரண்டையும், நடுத்தர வகைக் கரீபியன் பீச் விடுதியையும் எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காக்களோடு இணைக்கின்றன. பேருந்துக்கு இருபது நிமிடம் காத்திருப்பதற்குப் பதில், ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். முன்பு டீலக்ஸ் விலை கொடுத்தவருக்கே கிடைத்த பிற்பகல் ஓய்வு, இரு பூங்காக்களின் அளவிலாவது, மலிவான அறைக்காரருக்கும் கைக்கெட்டியது. மின்னல் வெட்டினால் பெட்டிகள் நின்றுவிடும் என்பது ஒரு குறை. எப்காட்டின் பின்வாயிலுக்கு நடக்கும் தூரத்தில் உள்ள ஸ்வான், டால்ஃபின் என்ற இரு விடுதிகளும் கவனிக்கத் தக்கவை: மைக்கேல் கிரேவ்ஸ் வடிவமைத்து 1990இல் திறக்கப்பட்ட இவை டிஸ்னி நிலத்தில் நின்றாலும் மேரியட் நிறுவனத்தால் நடத்தப்படுவதால், பல நாள்களில் அண்டையிலுள்ள டிஸ்னி விடுதிகளைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன, அரைமணி முன்நுழைவும் அவற்றுக்கு உண்டு, ஆனால் ரிசார்ட் ஃபீயும் நிறுத்தக் கட்டணமும் தனியே கணக்கில் சேரும்.

யூனிவர்சல் வளாகத்தில் கேள்விக்கு விடை இன்னும் தெளிவானது. அங்குள்ள போர்ட்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்று உயர்வகை விடுதிகளில் தங்கும் ஒவ்வொருவருக்கும், எக்ஸ்பிரஸ் பாஸ் எனப்படும், நீண்ட வரிசையைத் தவிர்த்துக் குறுக்கு வரிசையில் எத்தனை முறையும் நுழையும் சீட்டு, அறை வாடகைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அது வந்து சேரும் நாளின் காலையிலிருந்து காலிசெய்யும் நாளின் இரவுவரை செல்லும். ஆகவே ஓர் இரவு தங்குபவருக்கு இரண்டு முழு நாள் சீட்டு கிடைக்கிறது. தனியே வாங்கினால் அச்சீட்டு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 டாலர் என்று வைத்துக்கொண்டாலும், நால்வர் குடும்பத்துக்கு இரண்டு நாளைக்கு 1,200 டாலர் ஆகிறது. நெரிசல் நாள்களில் விலை அதற்கும் மேலே போகும். அறை வாடகை 550 டாலராக இருந்தால்கூட, வெளியே எவ்வளவு மலிவான அறை எடுத்தும் இந்தக் கணக்கை வெல்ல முடியாது. 2025 மே 22ஆம் நாள் திறக்கப்பட்ட எபிக் யூனிவர்ஸ் என்ற புதிய பூங்காவுக்கு இச்சலுகை பொருந்தாது, பழைய இரு பூங்காக்களுக்கு மட்டுமே உரியது என்பதை அறியாமல் போகிறவர் ஏமாற்றமடைய நேரும்.

விடுதியையே கேளிக்கையாக ஆக்கும் முயற்சியின் எல்லையை டிஸ்னி 2022 மார்ச்சில் தொட்டது. ஸ்டார் வார்ஸ் திரைப்படங்களின் விண்கலம்போல் கட்டப்பட்ட கேலக்டிக் ஸ்டார்குரூசர் விடுதியில், உண்மையான சாளரத்துக்குப் பதில் விண்வெளியைக் காட்டும் திரை வைத்த அறைகளில் இரண்டு இரவு தங்குவதற்கு, இருவருக்கு ஏறத்தாழ 4,800 டாலர் முதல் வாங்கப்பட்டது. நடிகர்களோடு விருந்தினரும் சேர்ந்து கதையை நடத்திய அந்த அரிய முயற்சிக்கு மனம் நெகிழ்ந்த ரசிகர்கள் இருந்தார்கள், ஆயினும் 2023 செப்டம்பரில் அது மூடப்பட்டது. அதற்கு நேர்மாறாக, 2001இல் திறந்த அனிமல் கிங்டம் லாட்ஜ் இன்றும் தன் விலைக்குத் தகுந்த இடமாக நிற்கிறது. மாடத்தின் கீழே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும் புல்வெளி, விளக்கணைத்தபின்னும் நினைவில் நிற்கக்கூடிய காட்சி. அதைக் காண அங்கே தங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அவ்விடுதியின் சனா உணவகம், ஆப்பிரிக்கச் சமையலோடு இந்தியச் சுவைகளைக் கலந்து, நான் வகைகளோடு பல சட்னிகளையும் ஊறுகாயையும் பரிமாறுகிறது. முன்பதிவு செய்துகொண்டு மாலை வெளிச்சம் இருக்கும்போது போகிறவர், சாளரத்தின் வழியே அதே விலங்குகளைப் பார்த்தபடி சாப்பிடலாம்.

அமெரிக்காவில் வேலைபார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு ஆர்லாண்டோ போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு உணவே இந்தத் தேர்வைத் தீர்மானித்துவிடுவதும் உண்டு. டிஸ்னியின் சாதாரண அறைகளில் சிறு குளிர்பதனப் பெட்டி இருக்கும், அடுப்பு இருக்காது. மூன்று வேளையும் வெளியுணவு ஒத்துக்கொள்ளாத பெரியவர்களோடு அங்கே ஐந்து நாள் தள்ளுவது கடினம். கிஸ்ஸிமி, டேவன்போர்ட் பகுதிகளில் வாடகைக்குக் கிடைக்கும் நான்கு படுக்கையறை வீடுகளில் முழுச் சமையலறை, துணி துவைக்கும் எந்திரம், சிறு நீச்சல் குளம் எல்லாம் உண்டு. எட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு வேல்யூ அறைகளைவிட அது மலிவாகவும் முடியக்கூடும். காலையில் சோறு வடித்துத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாம். கண்ணாடிப் பாத்திரத்தையும் மதுவையும் தவிர்த்தால், சூடாக்கத் தேவையில்லாத உணவைப் பூங்காவுக்குள் கொண்டுபோகத் தடையில்லை. பிற்பகல் ஓய்வை இங்கே தூரம் பறித்துக்கொள்கிறது என்பதால், ஒரு நாள் பூங்கா, ஒரு நாள் வீட்டில் ஓய்வு என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் அளவுக்கு நாள்கள் இருப்பவர்களுக்கே இது பொருந்தும்.

நாள் குறைவாக உள்ளவர்கள் இரண்டையும் கலந்துகொள்ளலாம். வாடகை வீட்டில் மூன்று இரவும், மேஜிக் கிங்டத்துக்காக உள்விடுதியில் கடைசி ஓர் இரவும் என்று பிரித்தால், அந்த ஓர் இரவுக்கு வந்துசேரும் நாள், காலிசெய்யும் நாள் என இரு காலையிலும் அரைமணி முன்நுழைவு கிடைக்கிறது. அறை பிற்பகல் மூன்று மணிக்குமேல்தான் கைக்கு வரும் என்றாலும், காலையிலேயே பெட்டிகளை விடுதியின் உடைமைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு, காரையும் கட்டணமின்றி அங்கேயே விட்டுவிட்டு, பேருந்தில் ஏறிப் பூங்காவுக்குப் போய்விடலாம். ஒரு டிஸ்னி விடுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் நிறுவனமே பெட்டிகளைக் கொண்டுசேர்க்கும், வெளியிலிருந்து வருபவரோ தாமே சுமந்து வரவேண்டும். மறுநாள் பதினொரு மணிக்கு அறையைத் திருப்பித் தந்தபிறகும் பெட்டிகளை அங்கே வைத்துக்கொண்டு, மாலை விமானம்வரை பூங்காவிலேயே இருக்க இடமுண்டு.